கடல் இறாலா, பண்ணை இறாலா: எதைப் பார்த்து வாங்குவது?

"கடல் இறால் நல்லதா, பண்ணை இறால் நல்லதா?" மீன் உணவைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். இழுவலையில் சிக்கி ஆமைகள் சாகின்றன என்று எங்கேயோ படித்திருப்பார்கள். இறால் குளம் வெட்டுவதற்காக அலையாத்திக் காடுகளை அழித்தார்கள் என்றும் படித்திருப்பார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வருவதில்லை. கடல் இறாலிலேயே மனநிறைவோடு சாப்பிடக்கூடியது உண்டு, தொடவே வேண்டாம் என்று நான் சொல்வதும் உண்டு. பண்ணை இறாலும் அப்படித்தான். எந்த வலையில் பிடித்தது, எந்த நிலத்தில் வெட்டிய குளத்தில் வளர்ந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

## முதலில் இறாலின் வாழ்க்கை

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளை இறால், வரி இறால், பண்ணைகளில் அதிகம் வளர்க்கும் வனாமி எல்லாம் வெப்பக் கடல்களின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெண் இறால் கரையை விட்டுத் தள்ளிப் போய், ஒரே இரவில் லட்சக்கணக்கான முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். குஞ்சு பல உருவங்கள் மாறி, இரண்டு மூன்று வாரங்களில் மயிரிழை மாதிரி ஒரு குட்டி இறாலாகி, அலையோடு கரைப்பக்கம் வந்து கழிமுகத்துக்குள் நுழையும். உப்புநீரும் நன்னீரும் கலக்கிற அந்த இடத்தில், அலையாத்தி வேர்களின் இடுக்கில், சில மாதங்கள் தின்று வளர்ந்துவிட்டு மறுபடியும் கடலுக்குத் திரும்பும். ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, இந்த இறால் வருடா வருடம் விளைகிற பயிர் மாதிரி. ஓரளவு பிடித்தாலும் அடுத்த வருடம் மீண்டுவிடும். வெப்பக்கடல் இறால் மீன்பிடியில் பெரிய இழப்பு, இறாலோடு சேர்ந்து சாகிற மற்ற உயிர்களுக்குத்தான். இன்னொன்று, கழிமுகம்தான் இறாலின் தொட்டில். அலையாத்தியை வெட்டிக் குளம் தோண்டினால், பண்ணை இறாலுக்காகக் கடல் இறாலின் தொட்டிலை உடைத்தாகிவிட்டது. கடலையும் பண்ணையையும் தனித்தனி உலகங்களாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

குளிர்கடல் இறாலின் கதை வேறு. வட அட்லாண்டிக்கில் கிடைக்கும் இளஞ்சிவப்புச் சிறு இறால், முட்டைகளை வயிற்றுக்கு அடியில் உள்ள கால்களில் ஒட்டவைத்து மாதக்கணக்கில் சுமக்கும். மெதுவாக வளரும். அதைவிட ஆச்சரியம், அது ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிச் சில வருடங்களில் பெண்ணாக மாறிவிடும். பெரிய இறாலாகப் பார்த்துப் பிடித்தால் சிக்குவது எல்லாம் பெண்கள்தான். எனவே இங்கே எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணக்கு ரொம்பக் கறாராக இருக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

- இறாலோடு சேர்ந்து வேறு எது செத்தது?
- கடல் தரைக்கும் கரைநிலத்துக்கும் என்ன ஆனது?
- எவ்வளவு எரிபொருளும் தீவனமும் மின்சாரமும் செலவானது?
- மருந்தோ ரசாயனமோ சேர்ந்ததா?
- இதையெல்லாம் வாங்குபவர் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

ஐந்தாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு நல்ல இறாலாக இருந்தாலும், அது நல்லது என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்றால் உங்கள் தேர்வு குருட்டாம்போக்குத்தான்.

## 1. வெப்பக்கடல் இழுவலை இறால்

இறால் தரையோடு ஒட்டி வாழ்வது. அதனால் வலையும் தரையை வாரிக்கொண்டுதான் போக வேண்டும். கண்ணியும் சிறியது. வலையைப் படகின் தளத்தில் கொட்டும்போது பார்த்தால்தான் இதன் கனம் புரியும். விரல் நீள மீன்குஞ்சுகள், நண்டு, நட்சத்திர மீன், குட்டித் திருக்கை, சேறு எல்லாம் ஒரே குவியலாக விழும். அந்தக் குவியலுக்குள் இருந்து இறாலைப் பொறுக்கி எடுப்பார்கள். கூடையில் சேர்கிற இறாலைவிட ஓரத்தில் ஒதுங்குகிற குவியல்தான் பெரிதாக இருக்கும். வளர்ந்திருந்தால் நல்ல மீனாகியிருக்க வேண்டிய குஞ்சுகள் அதில் பாதி. சில இடங்களில் அதைக் கடலிலேயே கொட்டுகிறார்கள், சில இடங்களில் தீவனத் தூளாக அரைக்க அனுப்புகிறார்கள்.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2005-இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடித்துவிட்டுக் கடலில் வீசப்படுவதில் விகிதம் மிக அதிகமாக இருந்தது வெப்பமண்டல இறால் இழுவலையில்தான். உலகம் முழுக்க வீசி எறியப்பட்டதில் கால் பங்குக்கும் மேல் இந்த ஒரு தொழிலிலிருந்து வந்தது.

ஆமைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பு. இறால் கம்பிகளுக்கு நடுவே நழுவி உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் மோதி மேலோ கீழோ உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். சரியாகப் பொருத்தினால் சிக்குகிற ஆமைகளில் 97 சதவீதம் தப்பிக்கும் என்கிறார்கள். இப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989-இலேயே சட்டம் போட்டது. ஆனால் இந்தத் தடுப்பு ஆமைக்குத்தான் உதவும். மீன்குஞ்சு தப்பிக்க வலையில் வேறு ஜன்னல் வைக்க வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு டீசல். கனமான வலையைத் தரையில் மணிக்கணக்காக இழுத்தால்தான் சில கூடை இறால் கிடைக்கும். உலகில் பிடிக்கப்படும் கடல் உணவில் இறால், நண்டு, சிங்கி இறால் போன்ற ஓடுடைய உயிரினங்களின் எடை 6 சதவீதம்தான். ஆனால் மீன்பிடிப் படகுகள் வெளியிடும் கரியமில வாயுவில் 22 சதவீதம் இவற்றைப் பிடிப்பதற்காக என்று 2011-ஆம் ஆண்டுத் தரவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது. "இயற்கையாக வளர்ந்தது" என்ற வார்த்தைக்குள் இவ்வளவு டீசல் இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இதற்கும் நல்ல பக்கம் உண்டு. தீவனம் இல்லை, குளத்து மருந்து இல்லை, ருசியும் நன்றாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் மீன்பிடியில் படகுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆமைத் தடுப்பைக் கட்டாயமாக்கி, பருவத்துக்குப் பருவம் மூடித் திறந்து நடத்துகிறார்கள். கடல் வளம் கெடாமல் பிடிக்கிற மீன்பிடிகளுக்குத் தரும் எம்எஸ்சி சான்றையும் 2012-இல் பெற்றார்கள். இந்த மாதிரி ஒழுங்கு இருக்கிற இடத்து இறால் என்றால் தாராளமாக வாங்கலாம். எங்கே பிடித்தது என்றே சொல்லாத இழுவலை இறால்தான் இந்த வரிசையில் என் கடைசித் தேர்வு.

## 2. குளிர்கடல் இறாலும் பொறியில் பிடித்த இறாலும்

குளிர்கடலிலும் இழுவலைதான் பெரும்பாலும். ஆனால் அங்கே இறால் திரள் திரளாக இருப்பதாலும், வலைகளில் நிறைய மாற்றம் செய்திருப்பதாலும் சேதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நார்வேயில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இறால் வலைக்குள் நெருக்கமான கம்பித் தடுப்பு கட்டாயம். மீன்கள் அதில் சறுக்கி மேல் திறப்பு வழியாகப் போய்விடும். அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் வலையின் கீழ்விளிம்பில் சின்னப் பச்சை எல்இடி விளக்குகளை மாட்டிப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் வலை கண்ணுக்குத் தெரிந்ததும் யூலகான் என்ற அருகிவரும் சிறு மீன் அடியில் நழுவித் தப்பித்துவிட்டது. அது வலையில் சிக்குவது சுமார் 90 சதவீதம் குறைந்தது. உலகிலேயே முதலில் எம்எஸ்சி சான்று பெற்ற இறால் மீன்பிடி இந்த ஆரிகன் இறால்தான், 2007-இல்.

பொறி இன்னும் நல்லது. இரை வைத்த கூண்டைத் தரையில் இறக்கிவிட்டு மறுநாள் தூக்குவார்கள். வேண்டாதது வந்தால் உயிரோடு திரும்பக் கடலில் விடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் புள்ளி இறாலை இப்படித்தான் பிடிக்கிறார்கள். பொறியில் வரும் முட்டைத் தாய்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தப் பகுதியை உடனே மூடிவிடுவார்கள். இறாலின் உடல் போக்கைப் புரிந்து எழுதிய விதி என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. இளஞ்சிவப்புச் சிறு இறாலில் சதை கொஞ்சம், பெரும்பாலும் வேகவைத்து உரித்தே வரும். பொறி இறால் குறைவாகத்தான் கிடைக்கும், விலையும் ஏறும். இன்னொரு பெரிய ஆபத்து கடல் சூடாவது. அமெரிக்காவின் மேய்ன் வளைகுடாவில் நீர் வெப்பமடைந்து இறால் வளம் சரிந்துபோனதால் 2014 முதல் அங்கே வணிக மீன்பிடியையே நிறுத்திவைத்தார்கள். எவ்வளவு ஒழுங்காகப் பிடித்தாலும் தண்ணீரே மாறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

## 3. செறிவுப் பண்ணை வனாமி

இன்று உலகில் சாப்பிடப்படும் இறாலில் பெரும்பங்கு இதுதான். 2020-இல் மட்டும் ஏறக்குறைய 58 லட்சம் டன் வனாமி பண்ணைகளில் விளைந்தது. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்த இறால் இது. பண்ணைக்காரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அதன் இயல்புதான். வரி இறால் தரையிலேயே கிடக்கும். வனாமி தண்ணீரின் எல்லா மட்டத்திலும் நீந்தும், அதனால் அதே குளத்தில் பல மடங்கு விடலாம். தீவனத்தில் புரதமும் குறைவாகப் போதும். மூன்று நான்கு மாதத்தில் அறுவடை. ஒரு கிலோ இறாலுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீவனம். அதில் ஒரு பங்கு கடல் மீனை அரைத்த தூள்.

பெரிய நன்மை, தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்குள்ளேயே இனம் பெருக்க முடிவது. முன்பு வரி இறால் வளர்ப்புக்காகக் கழிமுகத்தில் சல்லடை வலை போட்டுக் குஞ்சு பிடிப்பார்கள். ஒரு வரி இறால் குஞ்சுக்காக நூற்றுக்கணக்கான வேறு மீன், நண்டுக் குஞ்சுகள் கரையில் காய்ந்து சாகும். வனாமிக்கு அது தேவையில்லை.

இனி கண்ணில் படாத செலவுகள். முதலாவது நிலம். அலையாத்தி மண்ணில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருக்கிறது. அதைத் தோண்டிக் காற்றுபடப் போட்டால் கந்தக அமிலமாக மாறும். சில வருடங்களில் விளைச்சல் விழும், குளத்தைக் கைவிட்டுப் போய்விடுவார்கள். காடும் திரும்பாது, வயலாகவும் ஆகாது. பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறும். 1980-களிலும் 90-களிலும் நடந்த பெரிய அழிவு இதுதான். இப்போது புதுப் பண்ணைகளில் கணிசமானவை அலையாத்திக்கு வெளியே, மேடான நிலத்தில் அமைகின்றன. அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

இரண்டாவது நோய். நெருக்கமாக வளர்த்தால் நோய் வேகமாகப் பரவும். 1990-களில் வைரசால் வரும் வெண்புள்ளி நோய் ஆசியா முழுக்கக் குளங்களைக் காலி செய்தது, 1999-இல் ஈக்வடாரையும் பிடித்தது. அப்புறம் 2009 வாக்கில் குஞ்சு விட்ட ஒரு மாதத்துக்குள் குளமே சாகிற புது நோய் வந்தது. விப்ரியோ என்ற கடல் பாக்டீரியாவின் ஒரு ரகம்தான் காரணம் என்று 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு கண்டுபிடித்தது. வைரசுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று தெரிந்தும் பயத்தில் கொட்டியவர்கள் உண்டு. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் உணவுக்கான விலங்குகளுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் ஏற்றுமதிச் சரக்குச் சோதனைகளில் இவை அகப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது மனிதர்கள். தாய்லாந்தின் கடல் உணவுத் தொழிலில் அடிமைகளாக அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றி 2015-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். இறால் உரிக்கும் கொட்டகைகளும் அதில் இருந்தன. உரித்த இறாலை விலை மலிவாகப் பார்க்கும்போதெல்லாம் உரித்த கை யாருடையது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்தண்டை நசுக்கியோ வெட்டியோ விடுவார்கள். முட்டை முதிர்வதைத் தடுக்கிற சுரப்பி அந்தத் தண்டில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சீக்கிரம் முட்டை போடும். இப்போது கண்ணை வெட்டாமலேயே முட்டை வைக்கும் தாய் இனங்களைத் தேர்ந்து வளர்க்கிறார்கள். பிரிட்டன் 2022-இல் இறால், நண்டு வகைகளையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டத்தில் சேர்த்தது. இந்த மாற்றம் வேகமாகப் பரவ வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

பொறுப்பாக நடத்தும் பண்ணைகளுக்குத் தரும் ஏஎஸ்சி சான்று இருந்தால், 1999-க்குப் பிற்பாடு அலையாத்தியை அழித்து அமைத்த பண்ணை இல்லை என்பதும், ஆன்டிபயாடிக் போடவில்லை என்பதும் ஓரளவு உறுதி. அடிக்கடி இறால் வாங்குபவர்களுக்கு, கையில் கிடைக்கக்கூடியதில் நடைமுறைக்கு ஒத்த தேர்வு இதுதான்.

## 4. அலையாத்திக்குள்ளேயே வளர்க்கும் வரி இறால்

வியட்நாமின் கா மாவ் பகுதியில் மரங்களை வெட்டாமல், மரங்களுக்கு நடுவே வாய்க்கால் விட்டு இறால் வளர்க்கிறார்கள். சதுர மீட்டருக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தீவனம் போடுவதில்லை, இலை உதிர்ந்து மக்கும் சேற்றில் விளைவதைத் தின்றே வளரும். கூடவே நண்டும் மீனும் கிடைக்கும். இயற்கைவழிச் சான்று பெற நிலத்தில் பாதியளவாவது மரம் நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்குச் சில நூறு கிலோதான் விளையும். செறிவுப் பண்ணையில் அதே பரப்பில் ஒரே பருவத்தில் பல டன் எடுப்பார்கள். எல்லோரும் இந்த இறாலையே கேட்டால் எந்தக் கரையிலும் அதற்கு இடம் போதாது. எப்போதாவது, நல்ல பெரிய இறாலாக, விலையைப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. மரம் எவ்வளவு நிற்கிறது என்று சரிபார்த்த சான்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "பாரம்பரியக் குளம்" என்ற வார்த்தை மட்டும் போதாது.

## 5. மூடிய தொட்டி இறால்

கடலுக்கு வெகு தூரத்தில், கூரைக்குக் கீழே, தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வளர்ப்பது. பயோபிளாக் முறையில் வெல்லப்பாகு போன்ற மாவுச்சத்தைச் சேர்த்து நல்ல பாக்டீரியாவைப் பெருக்குவார்கள். அவை கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று சிறு திரள்களாகும், இறால் அதையே இரையாகத் தின்னும். கழிவுநீர் ஆற்றுக்குப் போகாது, வெளியிலிருந்து நோய் வருவதும் அரிது. செலவெல்லாம் மின்சாரத்தில். காற்றூட்டி ஒரு மணி நேரம் நின்றாலே தொட்டி முழுக்கப் போய்விடும். குளிர்நாட்டில் தண்ணீரைச் சூடாக்கவும் வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியில் வருகிறதா, காற்றிலும் சூரியனிலும் வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் இது நல்லதா இல்லையா என்று சொல்ல முடியும்.

நன்னீர் இறாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றில் வளர்ந்தாலும் அதன் குஞ்சுக்கு உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். ஆண்கள் ஒன்றையொன்று விரட்டுவதால் நெருக்கமாக வளர்க்க முடியாது. அதனால் நோயும் மருந்தும் பொதுவாகக் குறைவு. தலை மிகப் பெரிது, எடைக்கு ஏற்ற சதை கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | உடன் சாகும் உயிர் | நிலம், கடல் தரை | எரிபொருள், தீவனம் | மருந்து அபாயம் | எப்போது வாங்கலாம் |
|---|---|---|---|---|---|
| வெப்பக்கடல் இழுவலை | மிக அதிகம் | தரை சேதம் | டீசல் அதிகம் | இல்லை | இடமும் சான்றும் தெரிந்தால் மட்டும் |
| குளிர்கடல், பொறி | குறைவு. பொறியில் மிகக் குறைவு | பொறியில் சேதம் குறைவு | நடுத்தரம் | இல்லை | கிடைக்கும்போதெல்லாம் |
| செறிவுப் பண்ணை வனாமி | தீவன மீன் வழியாக | குளம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது | தீவனம், மின்சாரம் | சான்று இல்லையேல் உண்டு | சான்றோடு, அடிக்கடி வாங்க |
| அலையாத்தி வரி இறால் | குறைவு | மரம் நிற்கும் | மிகக் குறைவு | மிகக் குறைவு | எப்போதாவது, விலை பொருட்டில்லை என்றால் |
| மூடிய தொட்டி | தீவன மீன் வழியாக | மிகக் குறைவு | மின்சாரம் மிக அதிகம் | குறைவு | மின்சாரம் சுத்தமானதென்றால் |

## பொட்டலத்தில் எதைப் படிப்பது

எந்த வகையாக இருந்தாலும் பின்பக்கம் திருப்பி மூன்று விஷயங்களைத் தேடுங்கள். இனத்தின் பெயர், பிடித்த அல்லது வளர்த்த இடம், முறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதப்படுத்தாத இறாலுக்கு அறிவியல் பெயர், பிடித்த பகுதி, எந்த வகை வலை என்பது வரை எழுதியாக வேண்டும், 2014 இறுதியிலிருந்து. மற்ற இடங்களில் அது விற்பவரின் மனதைப் பொறுத்தது.

சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். இறாலும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. பாஸ்பேட் இருந்தால் இறால் தண்ணீரைக் குடித்து எடை கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை அப்படி ஒரு பொட்டலத்தைக் காய்ந்த சட்டியில் போட்டேன். வதங்குவதற்குப் பதிலாக வெள்ளை நுரையோடு தண்ணீர் விட்டு, அதிலேயே வெந்து, கடைசியில் முக்கால் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கடிக்கும்போது ரப்பர் மாதிரி இருந்தது. தண்ணீருக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன். மெட்டாபைசல்பைட் என்று இருந்தால், அது தலையும் ஓடும் கறுக்காமல் இருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஐஸ் பூச்சு எவ்வளவு என்று பார்த்து, அதைக் கழித்த எடையை வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

ஐஸ் மேல் பரப்பிவைத்த "புது இறால்" பெரும்பாலும் ஒரு முறை உறைந்து இளகியதுதான். அதற்குப் பதில் உறைந்த பொட்டலத்தையே வாங்கி, வேண்டிய அளவை வீட்டில் இளக்கிக்கொள்வது நல்லது. ஓட்டோடு வாங்கினால் பாஸ்பேட் குடித்த இறாலை வாங்கும் வாய்ப்பும் குறையும், உரித்தது யார் என்ற கேள்வியும் எழாது.

பொட்டலத்தில் இனமும் இடமும் முறையும் எதுவுமே எழுதவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் நான் அன்றைக்கு இறால் வாங்குவதில்லை. வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.